முப்பதாம் நாள் பரிசோதனை: கறவை மாடு வளர்க்கும் தாய்மார்களுக்கு ஒரு திறந்த மடல்



கால்நடை மருத்துவப் பணியில் ஆயுளின் பெரும்பகுதியைக் கரிசல் காட்டுக் கிராமங்களில் கழித்து ஓய்வுபெற்றவன் என்ற உரிமையைக் கொண்டு, சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை, விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரங்களின் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களில் பால் ஊற்றிவரும் உங்களுக்கு, உங்களுள்ளும் விசேஷமாக, பகலில் பட்டாசு ஆபீஸிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் கைவேலை செய்து, விடியற்காலையிலும் அந்தியிலும் ஒரு மாட்டைக் கறந்து குடும்பத்துக்கு இரண்டாவது வருமானம் தேடிக்கொள்ளும் தாய்மார்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். சொல்ல வந்த விஷயம் ஒன்றே. சினை ஊசி போட்ட பசுவை மூன்று மாதம் காத்திருந்து கையை விட்டுப் பார்ப்பதற்குப் பதிலாக, முப்பதாம் நாளிலேயே ஸ்கேன் யந்திரத்தால் பரிசோதிக்கும் ஏற்பாட்டை ஒவ்வொரு சங்கமும் கேட்டுப் பெறவேண்டும். அவ்வாறு பார்த்ததை மாடு மாடாக எழுதி வைக்கவும் வேண்டும்.

இதை நகரத்துப் பெரிய பண்ணைகளின் ஆடம்பரம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். என் அபிப்பிராயம் நேர்மாறானது. நூறு மாடுகள் வைத்திருப்பவருக்கு ஒரு மாடு சினை தப்பினால் அது கணக்கில் ஒரு வரி. ஒரே மாடு வைத்திருப்பவருக்கு அந்த மாடு சினை தப்பினால் அந்த வருஷத்துப் பள்ளிக்கூடச் செலவும் கடன் தவணையும் சேர்ந்து தப்பிப்போகின்றன. ஆகவே இந்த யந்திரம் முதலில் வரவேண்டிய இடம் ஒற்றை மாடு நிற்கும் கட்டுத்தரைதான்.

நம் பகுதியில் சினை நிற்காமைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: மாடு சரியில்லை, அல்லது ஊசி சரியில்லை. மாட்டைக் குறை கூறுபவர்கள் அதை மலடு என்று முடிவுகட்டிப் பொள்ளாச்சிச் சந்தைப் பக்கம் போகும் தரகரிடம் கொடுத்துவிடுகிறார்கள். ஊசியைக் குறை கூறுபவர்கள் அடுத்த ஊர் ஆளைத் தேடிப் போகிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே, யாரும் கவனிக்காமல் நிற்கிற மூன்றாவது காரணம் நேரம். பசு பருவத்துக்கு வரும் காலம் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மணி நேரம் வரை நீடிப்பது. கோடையில் அது இன்னும் குறுகிவிடுவதும் உண்டு. அக்காலத்தின் அடையாளங்களோ பெரும்பாலும் இரவிலும் விடியலுக்கு முன்பும் மிகுந்து, வெயில் ஏற ஏற அடங்குகிற சுபாவம் உடையவை. மந்தையாக நிற்கும் மாடுகளில் ஒன்றன்மேல் ஒன்று தாவுவதைப் பார்த்தே எளிதில் கண்டுகொள்ளலாம். தனியாகக் கட்டிக்கிடக்கும் ஒற்றைப் பசுவோ தாவுவதற்குத் துணையின்றி, கத்துவது, தீவனம் குறைவது, பால் சற்று இறங்குவது, கண்ணாடிபோலத் தெளிந்த ஒழுக்கு வாலில் ஒட்டுவது என்ற சிறு குறிப்புகளால் மட்டுமே தன் நிலையைத் தெரிவிக்க முடியும். அந்தக் குறிப்புகளைப் படிக்கவேண்டிய கண்களோ, விடிந்தும் விடியாததுமாக ஆலை வண்டியில் ஏறிப்போய், பொழுது சாயும்போதுதான் திரும்புகின்றன.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு பசுவுக்கு இரவு பத்து மணிக்குப் பருவம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். மறுநாள் மாலை வேலை முடிந்து வந்த அம்மாள் ஒழுக்கைப் பார்க்கிறார், மருந்தகம் அடைத்துவிட்டது, அதற்கு அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு, அரைநாள் கூலியை விட்டுவிட்டு மாட்டை ஓட்டிச்செல்கிறார். பருவம் தொடங்கி ஏறத்தாழ இருபத்தெட்டு மணி நேரத்தில் முட்டை வெளியாகிறது என்பது சாஸ்திரம் நிச்சயித்த விஷயம். அதன்படி அந்த அதிகாலை இரண்டு மணிக்கே முட்டை வெளியாகிவிட்டது. வெளியான முட்டை ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரமே உயிர்த்திறத்தோடு இருக்கும். உறைவிந்து உள்ளே போனபிறகு முட்டையைச் சேரும் தகுதி பெறுவதற்கே சில மணி நேரம் பிடிக்கும். அந்த அம்மாள் இழந்த கூலியும், கொடுத்த காசும், மாடு நடந்த தூரமும், மிகவும் உயர்ந்த காளையின் விந்தும் ஆகிய அனைத்தும் ஏழு மணி நேரத் தாமதத்தால் வீணாயின. இதில் மாட்டின் குற்றம் என்ன, ஊசி போட்டவரின் குற்றம் என்ன? காலையில் பருவம் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலை முதல் வேலையாகவும் ஊசி போடவேண்டும் என்ற விதியை அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் டிரிம்பெர்கர் என்ற ஆராய்ச்சியாளர் 1948-இல் வகுத்தார். இன்றும் நம் மருந்தகச் சுவர்களில் எழுதியிருப்பது அதுதான். எழுதியிருப்பதைக் கடைப்பிடிக்க, முதலில் பருவத்தைக் காண ஓர் ஆள் பகலில் வீட்டில் இருக்கவேண்டும்.

ஊசி போட்டபின் நடப்பதையும் யோசியுங்கள். இருபத்தொரு நாள் கழித்து மாடு மறுபடி கத்தினால் சினை நிற்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். கத்தாவிட்டால் சினை என்று நம்பிவிடுகிறோம். முதற்பருவத்தையே காணத் தவறுகிற நிலைமையில் இரண்டாவது பருவத்தைக் காணாமல் விடுவதும் சகஜமே. அவ்வாறு நம்பிக்கையோடு மூன்று மாதம் தவிடும் பருத்திக்கொட்டையும் வைத்துக் காத்திருந்து, பிறகு மருத்துவர் கையை விட்டுப் பார்த்து, காலி என்று சொல்லும்போது அந்த வீட்டில் உண்டாகும் முகவாட்டத்தை நான் எத்தனையோ கட்டுத்தரைகளில் பார்த்திருக்கிறேன். நாளொன்றுக்கு எட்டு லிட்டர் கறக்கக்கூடிய பசு தொண்ணூறு நாள் பிந்தி ஈன்றால் 720 லிட்டர். 2022 நவம்பரில் பசும்பாலுக்கு ஆவின் உயர்த்திய 35 ரூபாய் கொள்முதல் விலையில் கணக்கிட்டாலும் 25,200 ரூபாய். தீவனச் செலவு இதில் சேரவில்லை.

இனி ஸ்கேன் என்பது யாதென்று சொல்கிறேன். மனிதக் காது வினாடிக்கு இருபதாயிரம் அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியைக் கேளாது. இந்த யந்திரமோ மாட்டுக்குப் பயன்படும்போது வினாடிக்கு ஐம்பது லட்சத்திலிருந்து எழுபத்தைந்து லட்சம் அதிர்வுள்ள ஒலியை அனுப்பி, உள்ளுறுப்புகளில் பட்டுத் திரும்புவதைச் சித்திரமாக்கித் தருகிறது. நம் கரிசல் நிலத்துக் கிணறுகளின் கரையில் நின்று குரல் கொடுத்து, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று ஊகிப்பது உண்டல்லவா? தத்துவம் அதுவே. கதிரியக்கம் இதில் சிறிதும் இல்லை. உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கத் தொழிற்சாலைகள் வைத்திருந்த கருவியை மனித உடம்புக்குத் திருப்பி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர் இயான் டொனால்டு தம் கூட்டாளிகளுடன் 1958-இல் வெளியிட்ட ஆய்வே கர்ப்பத்தை ஒலியால் காணும் வைத்தியத்துக்கு வழி திறந்தது. 1966-இல் லிண்டால் என்பவர் ஆடுகளில் சினை பார்க்க இவ்வழியைக் கையாண்டார். பசுவின் சினைப்பையை அசையும் படமாக உயிரோடு பார்க்கும் முறை 1984-இல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் பியர்சன், ஜிந்தர் என்பவர்களின் உழைப்பால் நிலைபெற்றது.

சினை ஊசியின் வரலாறோ நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. 1939-இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத் குமாரன் என்பவர் செய்த செயற்கைக் கருவூட்டலே இந்தியாவில் முதலாவது என்று கருதப்படுகிறது. விந்தைக் கிளிசரின் கலந்து உறையவைத்தால் சாகாமல் காக்கலாம் என்று 1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகியோர் கண்டபிறகு, அந்த விந்து திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில், ஆண்டுக்கணக்காகத் தூங்கவும் உலகெங்கும் பிரயாணம் செய்யவும் முடிந்தது. இன்று உங்கள் ஊர் மருந்தகத்தில் கொள்கலனைத் திறந்து இடுக்கியால் எடுக்கிற கால் மில்லிலிட்டர் குச்சி அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. விந்தைக் காப்பதில் இத்தனை நுட்பம் காட்டிய நாம், அது உள்ளே போன பிறகு என்ன ஆயிற்று என்று பார்க்கும் காரியத்தை மட்டும் மாட்டின் வயிறு பெருக்கும்வரை ஒத்திப்போடுவது ஏன் என்பதே என் கேள்வி.

முப்பதாம் நாள் பரிசோதனை எப்படி நடக்கிறது என்பதை, பார்த்திராத உங்களில் பலருக்காகச் சற்று விவரிக்கிறேன். மாட்டை நிழலில் கம்பிக் கூண்டுக்குள் நிறுத்துவார்கள். வாலை உடையவரே ஒரு பக்கமாகப் பிடித்துக்கொள்வார். மருத்துவர் தோள்வரை நீண்ட உறையணிந்து, மலக்குடலிலிருந்து சாணத்தைப் பொறுமையாக வெளியே எடுத்துவிட்டு, பெருவிரல் அளவே உள்ள ஒரு நுனியை உள்ளங்கைக்குள் அடக்கி உள்ளே கொண்டுபோவார். கையிலோ கழுத்திலோ தொங்கும் சிறு திரையில் வெயில் விழாமலிருக்க ஒரு துண்டை மேலே போர்த்திக்கொள்வது வழக்கம். திரையில் எலும்பு வெளுப்பாகவும், தசை சாம்பல் நிறமாகவும், நீர் கறுப்பாகவும் தெரியும். முதலில் மூத்திரப் பையின் பெருங்கறுப்பு. அதற்கப்பால் கர்ப்பப்பையின் சுருண்ட கொம்பு. அக்கொம்புக்குள் ஒரு சிறு கறுப்பு இடம். அந்தக் கறுப்பின் ஓரத்தில் அரை அங்குலமும் இல்லாத ஒரு சாம்பல் உருவம். அதன் நடுவே விடாமல் துடிக்கும் ஒரு புள்ளி. அப்புள்ளிதான் கன்றின் இருதயம். துண்டை விலக்கிவிட்டு உடையவரை அருகே அழைத்து அதைக் காட்டுவது, மருத்துவர் செய்யவேண்டிய கடமையென்றே நான் கருதுகிறேன். தன் மாட்டுக்குள் நடப்பதைத் தானே பார்த்தவர் அதன்பிறகு அந்த மாட்டை நடத்தும் விதமே வேறாகிவிடுகிறது.

ஜிந்தரும் அவர் தோழர்களும் 1986-இல் நாள் நாளாகப் பார்த்து எழுதியதன்படி, நல்ல யந்திரமும் தேர்ந்த கையும் இருந்தால் இருபதாம் நாளையொட்டியே இருதயத் துடிப்பைக் காணலாம். ஆனால் வயலிலும் தெருவிலும் நின்று தவறின்றிச் சொல்வதற்கு இருபத்தெட்டிலிருந்து முப்பதாவது நாளே தக்கது. அனுபவமுள்ளவர் அப்போது சொல்லும் முடிவு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சரியாக இருக்கும். அந்த நாளில் காலி என்று தெரிந்தால் அடுத்த பருவம் பன்னிரண்டு நாள் தூரத்தில்தான் இருக்கிறது. சினைப்பையின் நிலையை அதே கையோடு பார்த்து, மருந்து தேவையா, காத்திருந்தால் போதுமா என்றும் முடிவுசெய்யலாம். சினை என்ற நற்செய்தியைவிட, காலி என்ற செய்தி சீக்கிரம் கிடைப்பதே இந்தப் பரிசோதனையின் பெரும் பயன். நற்செய்தி தாமதமானால் நஷ்டமில்லை. அது தானே வளர்ந்து வெளிப்படும்.

விஞ்ஞானிகள் கண்ட உண்மைகளில் ஒன்று மாட்டைப் பற்றிய நம் கருத்தையே மாற்றிவிடத்தக்கது. ஊசி போட்டும் சினை நிற்காத பசுவில் கருவே உண்டாகவில்லை என்று நாம் எண்ணுகிறோம். அயர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் டிஸ்கினும் ஸ்ரீனனும் 1980-இல் கிடேரிகளில் செய்த ஆய்விலும் அதன்பின் பிறர் செய்தவற்றிலும், தக்க நேரத்தில் ஊசி போட்டால் பத்தில் ஒன்பது முட்டைகள் கருவாகிவிடுகின்றன என்று தெரிந்தது. உண்டான கருக்களில் அழிந்துபோகிறவற்றின் பெரும்பகுதி எட்டாம் நாளுக்கும் பதினாறாம் நாளுக்கும் இடையே ஓசையின்றிக் கரைந்துவிடுகிறது. அப்பசு பழைய கிரமப்படியே இருபத்தோராம் நாள் மறுபடி பருவத்துக்கு வருவதால், கரு இருந்து மடிந்தது உடையவருக்குத் தெரிவதேயில்லை. ஆகையால் மலடு என்று நாம் விற்றுவிடும் பசுக்களில் பல, உண்மையில் கருத்தரிக்கத் தெரிந்தவை; தரித்த கருவைக் காக்க முடியாமல் போனவை. இவ்விரண்டுக்கும் வைத்தியம் வெவ்வேறு.

கரு அழியும் விதத்தையும் சொல்லவேண்டும். முட்டை வெளியான இடத்தில் சினைப்பையின்மேல் ஒரு மஞ்சள் நிறத் திரட்சி உண்டாகி, கர்ப்பத்தைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற சுரப்பைத் தருகிறது. கரு இருந்தால் அது பதினாறாம் நாளையொட்டி ஒரு புரதத்தைச் சுரந்து, தான் இருப்பதைத் தாயின் கர்ப்பப்பைக்கு அறிவிக்கிறது; அந்த அறிவிப்பு வந்தால் மஞ்சள் திரட்சி நிலைக்கும், வராவிட்டால் கர்ப்பப்பை ஒரு சுரப்பை அனுப்பி அதைக் கரைத்துவிடும். இளைத்த கருவின் அறிவிப்பு பலவீனமாகவே இருக்கும். திரட்சி கரையத் தொடங்கும்போது, அளவு சுருங்குவதற்கு முன்பே அதற்குள் ஓடும் ரத்தம் குறைந்துவிடுகிறது. இதைக் கொண்டே, ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளர் ஸ்கேனால் ஊசி போட்ட இருபதாம் நாளிலேயே காலி மாடுகளைப் பிரித்தறியும் முறையைப் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் விளக்கினார்கள். அது பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் பெரிய பண்ணைகளுக்கும் உரியது. நமக்கு முப்பதாம் நாள் போதும்.

வேறு சில விஷயங்களும் ஸ்கேனால் பிரத்தியட்சமாகின்றன. ஊசி போட்டு ஒரு நாள் கழித்துப் பார்த்தால், சில மாடுகளில் முட்டை முதிரும் நீர்ப்பை, அரை அங்குலத்துக்கு மேல் வளர்ந்த கறுப்பு வட்டமாக, இன்னும் உடையாமல் நிற்பது தெரியும். அதுதான் முட்டை வெளியாகத் தாமதிக்கும் மாடு. அதற்கு அன்றே மீண்டும் ஓர் ஊசி போட்டால் பயன் உண்டு. கர்ப்பப்பைக்குள் சிறிதளவு சீழ்நீர் தங்கியிருப்பது, வெளியே ஒழுகாவிட்டாலும் திரையில் சாம்பல் புள்ளிகளாகத் தென்படும். கன்று ஈன்றபோது நஞ்சுக்கொடி தங்கிப்போன மாடுகளில் இது அதிகம். மூன்று நான்கு முறை ஊசி போட்டும் நிற்காத பசுக்களை மறுபடி மறுபடி அதே ஊசிக்கு ஓட்டிச்செல்லாமல், முதலில் ஸ்கேனுக்கு ஓட்டிச்செல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். சினையாக இருக்கும் பசுக்களில் சில, சினையோடே பருவக் குறிகளைக் காட்டுவது உண்டு. அப்பசுவுக்கு மறுபடி ஊசி போட்டால் குச்சி கர்ப்பப்பையைத் தொட்டு, உள்ள கருவும் கலைந்துபோகலாம். பருவம் வரவழைப்பதற்காகப் போடப்படும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தைச் சினை மாட்டுக்குத் தெரியாமல் போட்டுவிட்டால் பெரும்பாலும் கருச்சிதைவு ஆகிவிடும். ஆகவே அந்த மருந்தைப் போட யார் வந்தாலும், முதலில் சினை பார்த்தாயிற்றா என்று நீங்கள் கேட்கவேண்டும், கேட்பதற்குக் கூச்சப்படவேண்டியதில்லை.

பருவம் கழிந்த இரண்டாம் மூன்றாம் நாள் வாலில் சிறிது ரத்தம் காணப்படுவதை வைத்து, சினை கலைந்துவிட்டது என்று சிலரும், சினை நின்றுவிட்டது என்று சிலரும் சொல்லுவது நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கு. இரண்டும் இல்லை. பருவம் கடந்துபோயிற்று என்பதற்கு மட்டுமே அது சாட்சி. ஊசி போடாத பசுவில் அந்த ரத்தத்தைக் கண்டால், அதிலிருந்து பதினெட்டு பத்தொன்பதாம் நாள் அடுத்த பருவம் வரும் என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்து வெயிலைப் பற்றி எழுதாமல் இந்த மடல் பூர்த்தியாகாது. சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரியை எட்டும் வெப்பம் மனிதரைவிடக் கலப்பினப் பசுவை அதிகமாக வாட்டுகிறது என்பதை அறிவீர்கள். அவ்வெப்பம் கருவை எந்த நாளில் தாக்கினால் அதிகச் சேதம் என்று அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தார் 1993-இல் ஆராய்ந்து பார்த்தபோது, கருவின் முதல் நாளே மிகவும் அபாயமானது என்றும், மூன்றாம் நாளுக்குள் கரு வெப்பத்தைத் தாங்கும் வலிமை பெற்றுவிடுகிறது என்றும் கண்டார்கள். நாம் செய்வதோ, காலையில் ஊசி போட்ட பசுவை உச்சி வெயிலில் தார்ச்சாலையில் பல மைல் திருப்பி ஓட்டி வருவதும், வந்ததும் தகரக் கொட்டகையில் கட்டுவதும். ஊசி போட்ட அன்றும் அடுத்த மூன்று நாட்களும் பசுவை வேப்பமர நிழலிலோ கூரைக் கொட்டகையிலோ கட்டி, வேண்டும்மட்டும் குளிர்ந்த நீர் காட்டி, நடுப்பகலில் உடம்பில் தண்ணீர் தெளித்து வையுங்கள். செலவில்லாத வைத்தியம் இது. முடிந்தால் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லி மருத்துவ வண்டியை வரவழைப்பதும், மருந்தகத்து ஊழியரை ஊருக்கே அழைப்பதும், பசுவை நடத்திச் செல்வதைவிட நன்று.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பட்டாசுப் பகுதியின் நிலத்தடி நீரில் பெர்குளோரேட் என்ற உப்பு கலந்திருப்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கும் தன்மை அவ்வுப்புக்கு உண்டு. தைராய்டின் கிரமம் கெட்டால் பருவச் சுழற்சியும் கெடும் என்பது மருத்துவ சாஸ்திரத்தின் பொதுப் பாடம். ஆகவே ஆலைகளை ஒட்டிய ஊர்களின் பசுக்களையும், வத்திராயிருப்புப் பக்கத்து மலையடிவாரப் பசுக்களையும் ஒரே முறையில் முப்பதாம் நாளிலும் அறுபதாம் நாளிலும் ஸ்கேன் செய்து, அவை குடிக்கும் தண்ணீரையும் சோதித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆராய்ச்சி இம்மாவட்டத்தில் நடைபெறவேண்டும் என்று நான் மனப்பூர்வமாக விரும்புகிறேன். 1989-இல் இந்தியாவின் முதல் கால்நடைப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நம்முடையது. அதன் கல்லூரி ஒன்று 2012 முதல் திருநெல்வேலியில் இருக்கிறது. பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர் ஓராண்டு இங்கே தங்கி இந்த வேலையைச் செய்ய, சங்கங்கள் மாடுகளையும் கணக்கையும் கொடுத்தால் போதும்.

கணக்கு என்று சொன்னதை விளக்குகிறேன். உங்கள் மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க வில்லை தொங்குகிறது. அதைப் பல வீடுகளில் கடனுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் உரிய அடையாளமாக மட்டுமே மதிக்கிறார்கள். பருவம் கண்ட நேரம், ஊசி போட்ட நேரம், எந்தக் காளையின் குச்சி, எந்த ஈத்து, அன்றைய வெயில், முப்பதாம் நாள் முடிவு, அறுபதாம் நாள் முடிவு ஆகியவற்றை அந்த எண்ணுக்கு எதிரே சங்கத்துப் புத்தகத்தில் எழுதினால், ஓராண்டில் உங்கள் ஊருக்கே உரிய ஒரு சாஸ்திரம் உருவாகிவிடும். எந்த மாதத்தில் ஊசி அதிகம் தவறுகிறது, காலையில் போட்டது நிற்கிறதா மாலையில் போட்டது நிற்கிறதா என்பவற்றுக்கு விஸ்கான்ஸினிலிருந்து விடை வராது. உங்கள் புத்தகத்திலிருந்தே வரவேண்டும். அறுபதாம் நாள் ஏன் மறுபடி பார்க்கவேண்டும் என்று கேட்பீர்கள். முப்பதாம் நாள் கண்ட சினைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று, இரண்டாம் மாதம் முடிவதற்குள் கலைந்துவிடுவது உலகெங்கும் காணப்படும் இயல்பு. அப்படிக் கலைந்ததை முப்பதாம் நாள் ஸ்கேன் செய்தவரின் பிழை என்று எண்ணிவிடக்கூடாது.

ஸ்கேன் செய்தால் கரு கலைந்துவிடும் என்ற அச்சம் சிலருக்கு இருக்கிறது. பக்குவமான கையால் செய்யப்படும் பரிசோதனை கருவுக்குக் கெடுதல் செய்வதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. முப்பதாம் நாளில் விரல்களால் கருப்பையை அழுத்தித் தேடுவதைவிட, அழுத்தாமல் ஒலியால் பார்ப்பதே மென்மையானது. கன்று கிடேரியா காளையா என்று சொல்லச் சொல்லி மருத்துவரை வற்புறுத்தும் ஆசையும் சிலருக்கு எழும். இரண்டு மாதத்துக்குமேல் அதைப் பார்க்கவும் முடியும். மனிதக் கருவில் அதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் மாட்டுக்குப் பொருந்தாது. ஆனால் காளைக்கன்று என்று தெரிந்ததும் தாய்ப்பசுவின் தீவனம் குறைந்துவிடுமாயின் அந்த அறிவால் யாருக்கு என்ன பிரயோஜனம்? கிடேரி வேண்டுமென்றால் பாலினம் பிரித்த விந்துக் குச்சியைக் கேளுங்கள். அதில் விந்தணுக்கள் மிகக் குறைவாகவே இருப்பதால் நேரத்தைத் தவறவிடாத வீடுகளுக்கே அது ஏற்றது.

யந்திரத்தின் விலை சில லட்சம் ரூபாய். ஒரு சங்கம் தனியே வாங்க இயலாது என்பது உண்மை. பத்துச் சங்கங்கள் சேர்ந்தோ, மாவட்ட ஒன்றியத்தின் வழியாகவோ, கால்நடைப் பராமரிப்புத் துறையிடம் விண்ணப்பித்தோ ஒரு கருவியையும் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரையும் சுழல்முறையில் வரவழைப்பது இயலாத காரியமன்று. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்று நாடெங்கும் பெயர் பரப்பியிருக்கிறது. அந்தப் பெயருக்கு மூலதனம் உங்கள் கட்டுத்தரையில் நிற்கும் பசுவின் சினை.

ஆகவே வரும் பேரவைக் கூட்டத்தில், பால் விலையும் போனஸும் பேசி முடிந்தபிறகாவது, இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஸ்கேன் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கவேண்டும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள்; ஆலைக்கு விடுமுறையான அன்றுதான் மாட்டை உண்மையில் பார்த்துக்கொள்கிறவர் அதன் அருகில் நிற்க முடியும். நேரம் காலைப் பால் ஊற்றி முடிந்த உடனே, வெயில் ஏறுமுன். இடம் சங்கக் கட்டடத்தின் நிழல் விழும் பக்கம். அங்கே ஒரு கம்பிக் கூண்டும், ஒரு தொட்டித் தண்ணீரும், சோப்பும் இருந்தால் போதும். ஊசி போட்டு இருபத்தெட்டு நாள் கடந்த மாடுகளின் காதுவில்லை எண்களைச் சங்கத்துச் செயலாளர் முந்தின வியாழக்கிழமையே கரும்பலகையில் எழுதிப்போடட்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மாடுகள்தான் வருமென்றாலும் அந்த ஐந்தின் விவரத்தையும் புத்தகத்தில் ஏற்றுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்